பாலம் போய்ச் சேர்ந்த இடம்

ஈப்போவில் கைபேசி ஆப் வைத்து வாடகைக் கார் ஓட்டும் சகோதரிகளே, நம் தொழிலில் பெட்ரோலுக்கு அடுத்தபடியாக எரிவது நம் வயிறுதான். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

கேட்டில்

சிம்பாங் பூலாய் பக்கம் என் அம்மா பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இப்போது வேலி போட்ட தாமான், பணக்காரக் குடியிருப்பு. உள்ளே பெரிய பெரிய வீடுகள், நடைபாதை, பத்தடிக்கு ஒரு விளக்கு. தோட்டத்து ஆட்களுக்குக் கிடைத்தது நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவு விலை பிளாட். ஒருநாள் எனக்கு முன்னால் போன இரண்டு கார்களுக்கும் கேட் மடமடவென்று திறந்தது. என்னிடம் மட்டும் ஐ.சி. அடையாள அட்டை கேட்டார் காவலாளி. அவரும் தமிழர்தான். முறைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா, நம்மாளுங்கள மட்டும் செக் பண்ணி விடச் சொல்லி மேல ஆர்டர் லா."

கூட்டத்தில்

எங்கள் பிளாட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பஸ் நிற்கும். நடுவில் நாலு வழிச் சாலை, கல் லாரிகள். படிவம் இரண்டு படிக்கும் என் மகள் தினமும் அதை ஓடித்தான் கடக்கிறாள். பாலம் கேட்டு மனு எழுதிக் குடியிருப்பாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். கமிட்டியில் ஏழு பேரும் ஆண்கள். ஏழு பேருக்கும் மோட்டார் சைக்கிள் உண்டு. நடப்பதெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். வாசலில் வரிசையாக நின்ற அந்த மோட்டார்களைக் கொளுத்திவிடலாமா என்றிருந்தது. தலைவர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பக்கமும் பாத்துப் போனா போதாதா தங்கச்சி, இதுக்கு எதுக்குப் பாலம்?"

எண்ண வந்தவர்

ஆனாலும் மனு வேலை செய்தது. ஒரு காலையில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் குடையோடு சாலையோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டுகிற மழை. அவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. நனைந்துகொண்டு நின்ற பிள்ளைகளையும் ஃபேக்டரிப் பெண்களையும் காரில் ஏற்றி, யூ-டர்ன் அடித்து, ஐந்து நடையில் அத்தனை பேரையும் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டேன். பிறகு அவருக்கும் சூடாக ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டேன். சாலையை நடந்து கடப்பவர்களை எண்ண வந்தாராம். பாலம் வேண்டுமா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

"வசதியான இடம் லா அக்கா, நடந்து தாண்டுன ஆளு ஒருத்தர்கூட இல்ல."

பார்க்குக்கு ஒரு டிரிப்

எவ்வளவு கெஞ்சியும் அவர் எழுதியதை மாற்றவில்லை. அதே வாரம் அந்தத் தாமான் வாசலிலும் எண்ணினார்கள். அங்கே பொழுது விடிந்தால் உடற்பயிற்சிக்காக எதிரே இருக்கும் பூங்காவுக்குக் கூட்டம் கூட்டமாகத் தாண்டுவார்கள். பாலம் அவர்களுக்குப் போனது. கூரை, விளக்கு, பூந்தொட்டிகூட வைத்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வரும், மறைக்க மாட்டேன். போன வாரம் அங்கிருந்து ஒரு புக்கிங். ஓட்டக் காலணி போட்ட ஓர் அம்மா ஏறினார். போக வேண்டிய இடம், எதிரே தெரியும் அதே பூங்கா. நான் பாலத்தைக் காட்டினேன்.

"படி ஏறுனா முட்டி வலிக்குது லா, நீங்க யூ-டர்ன் அடிங்க."

அந்த மழைநாளில் நான் கொஞ்சம் கல்நெஞ்சக்காரியாக இருந்திருந்தால், என் மகள் இன்றைக்கு ஓடாமல் பள்ளிக்கூடம் போயிருப்பாள்.