தனக்குத் தானே அனுப்பிய கடிதம்

திருமாறனுக்கு நாற்பத்தொரு வயது. மலையூரான ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கீழே ஈப்போ நகரில் கணினி படித்துவிட்டு, மறுபடியும் மலையேறி வந்தவர். பூந்தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பொருத்துவது தொழில். திரிங்காப்பில் எங்கள் பூ விவசாயிகள் சங்கத்துக்கு ஆறு வருடமாகச் செயலாளர்; சம்பளமில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் உறுப்பினர்கள் எண்பத்தாறு பேருக்கும் மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்புவார். எங்கே மண் சரிந்திருக்கிறது, சந்தைக்குப் போகும் எந்த லோரியில் எத்தனை பூப்பெட்டிக்கு இடமிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒழுங்கானவர். ஒழுங்கில்லாதவர் என்று யாரையாவது நினைத்துவிட்டால் உடனே தீர்ப்பும் எழுதிவிடுவார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன், மடல்களை அனுப்பித்தரும் நிறுவனத்தை மாற்றினார். ஒரு சங்கத்தின் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்பதற்கு இணையத்தில் ஒரு பதிவு உண்டு. அஞ்சலைப் பெறுகிற நிறுவனம் அதைப் பார்த்துத்தான் மெய்யா போலியா என்று முடிவு செய்யும். அந்தப் பதிவு ஒரே வரியாக இருக்க வேண்டும். இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. திருமாறன் பழைய வரியை அப்படியே விட்டு, புதிய வரியை அதன்கீழ் ஒட்டினார். அஞ்சல் மெய்யானது என்று காட்டும் மின்கையொப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார். ஆனால், சரிபார்ப்பில் தேறாத அஞ்சலைத் திருப்பி அனுப்பு என்ற கடுமையான கட்டளையை மட்டும் அன்றே போட்டார். பிறகு சோதனைக்கு ஒரு மடலைச் சங்கத்தின் சொந்த முகவரிக்கு, அதாவது தனக்கே, அனுப்பினார். வந்து சேர்ந்தது. அத்தோடு கணினியை மூடினார்.

தீபாவளி லோரியில் இடம் வேண்டுவோர் வெள்ளிக்குள் பதில் எழுத வேண்டும் என்று அடுத்த மடல் சொன்னது. பலர் வாய்வழியாகக் கேள்விப்பட்டு இடம் பிடித்துவிட்டார்கள். செல்லம்மாவின் தோட்டம் ஃபோன் சரியாகக் கிடைக்காத மேட்டில் இருக்கிறது. டவுன் கிளினிக்கில் வேலை செய்யும் மகள் மலர்தான் மடலைப் படித்துப் பதில் போடுவாள். அந்த முறை பதில் போகவில்லை. லோரி போய்விட்டது. ஒரு பருவத்துச் செவ்வந்தி முழுக்கக் கொட்டகையிலேயே வாடிப்போனது.

அடுத்த கூட்டத்தில் செல்லம்மா எழுந்து, "எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அனுப்பியாச்சுக்கா. தலைவருக்கு வந்திருக்கு, எனக்கு வந்திருக்கு. ஒங்களுக்கு மட்டும் வராம எங்க போவும்? தொறந்து படிக்கணும்லா. முறுக்கு சுட நேரம் இருக்கு, இதுக்கு இல்லையா?"

திருமாறன் இப்படிச் சொன்னதும் கூடமே சிரித்தது. செல்லம்மா உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து மலர் திருமாறனின் குழாய்க் கடைக்குப் போய்த் தன் ஃபோனை நீட்டினாள்.

"எங்கம்மா படிக்கலன்னு சொன்னீங்களாம். படிக்கிறது நான்தாண்ணே. எங்க இருக்கு, காட்டுங்க."

தேடினார். இல்லை. வேண்டாத அஞ்சல்கள் சேரும் பெட்டியிலும் இல்லை.

"அழிச்சிருப்பம்மா."

"கரண்டு பில்லயே அழிக்கிறதில்ல. ஒங்க லெட்டரயா அழிப்பேன்?"

அவள் தவறைக் காட்டத்தான் அனுப்பிய கணக்கைத் திறந்தார். எண்பத்தாறில் ஐம்பத்தொன்று திரும்பி வந்திருந்தது. தலைவருடைய கம்பெனி முகவரி அவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்காததால் அவருக்குப் போயிருக்கிறது; சங்கத்தின் சொந்த முகவரிக்கோ சோதனையே இல்லை. திரும்பிய அஞ்சல்களைப் பற்றித் தினமும் அறிக்கை வர திருமாறனே ஒரு பெட்டி அமைத்திருந்தார். அதைத் திறந்தார். ஒரு மாத அறிக்கைகள், எதுவும் படிக்கப்படவில்லை.

"நீங்களும் தொறக்கல போலருக்கே," என்றாள் மலர்.

இரண்டு வரியை ஒன்றாக்கி, கையொப்பத்தைச் சேர்த்துச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த முறை மலருக்கு ஒரு மடல் அனுப்பினார். ஃபோன் மணியடித்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை செல்லம்மாவின் தோட்டத்துக்குப் போனார். அவர் நாற்றுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா. செவ்வாக்கெழம மடல்ல மொதல் வரியா மன்னிப்புப் போட்டுர்றேன்."

"மடல்லயா?" செல்லம்மா வலையை விடவில்லை. "அன்னைக்கு மடல்லயா சிரிச்சாங்க? ஹால்ல சிரிச்சாங்க."

"பூவுக்கு ஏதாச்சும்…"

"பூ போனது போச்சு தம்பி. நான் அதக் கேக்கல."

அடுத்த மாதக் கூட்டத்தில் திருமாறன் ஒரு தாளோடு எழுந்தார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று வாசித்தவர் நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் செல்லம்மா இருந்தார். தாளை மடித்தார்.

"கோளாறு இல்ல. நான் தப்பா போட்டேன், சரியா பாக்கல. அம்பத்தோரு பேருக்கு மடல் போவல. செல்லம்மாக்காவ இங்க வச்சு நான் பேசுனது…" குரல் இறங்கியது. "அப்படிப் பேசிருக்கக் கூடாது."

தலைவர் நாகரத்தினம், "சரி, அடுத்த விசயத்துக்குப் போலாம்," என்றார்.

"இருங்க தலைவரே," என்றார் செல்லம்மா. "மத்த அம்பது பேரு யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்லா. பேர வாசிக்கட்டும்."

திருமாறன் ஃபோனை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். இதைத் துணிவு என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதைச் செய்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெயரையும் விழுங்கவில்லை.

பதினேழாவதாக என் பெயர் வந்தது. எனக்கும் அந்த வாரங்களில் மடல் வரவில்லை. வரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அன்று செல்லம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.