எண்பத்து நாலு கிலோ

பூட்ஸைக் கழற்றாமல்தான் அப்பா எடை பார்ப்பார். தொப்பி, கைவிளக்கு, கோட்டுப் பையில் இருக்கும் உப்பு ரொட்டி எல்லாம் சேர்த்து. "உள்ள வர்றது எல்லாமே இழுக்கும்" என்பார். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலையும் அதுதான். சுரங்க வாசலில் அவர் தராசில் ஏறினார். நான் நோட்டைப் பிடித்திருந்தேன்.

"எண்பத்தி நாலு. எழுதிக்கோ, இல்கா."

முள்ளைப் பார்க்காமல் எழுதினேன்.

மாத்ரா மலையில் ஈயம் தீர்ந்துபோன சுரங்கம் அது. அடியில், தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் ஒரு தண்டு தொங்குகிறது. ஒரு முனையில் பிளாட்டினம், மறுமுனையில் அலுமினியம். எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழும் என்கிற ஐன்ஸ்டீனின் அடிப்படை தப்பாக இருந்தால் கம்பி துளி முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில் ஆள் நின்றாலும் முறுக்கிக்கொள்ளும். அதனால் உள்ளே போகிறவர் எடையை எழுதிவிட்டு, தரையிலுள்ள பித்தளைக் குறிமேல்தான் நிற்க வேண்டும். அந்த இழுப்பைக் கணக்கில் கழிப்பது என் வேலை.

அப்பா வில்மோஷ் அங்கே ஈயம் வெட்டியவர். பிறகு கம்பிக்குக் காவல். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பார். அந்த அறையில் தும்மமாட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவருவார்.

"வில்மோஷ் மாமா, கிறிஸ்துமஸ் முடிஞ்சும் அதே எண்பத்தி நாலா?" என்று சீண்டுவான் எங்களோடு வேலை செய்யும் கெர்கோ.

"சமைச்சது என் பொண்ணு. எங்கேர்ந்து ஏறும்?"

நானும் சிரித்தேன். பெல்ட்டில் அவர் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்த பிறகும் சிரித்தேன்.

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், எண்பத்து நாலுக்கு நான் கழித்த இழுப்பு கம்பி முறுக்கியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அந்த வித்தியாசம் வாராவாரம் கூடியது. கருவியில்தான் கோளாறு என்று பிப்ரவரி முழுக்கத் தேடினேன்.

மார்ச்சில் படுத்தார். கணையத்தில் புற்று. "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"எடை குறையுதுன்னா டாக்டர்கிட்ட ஓட்டுவீங்க. கம்பியை யாரு பார்த்துக்குவா? அந்த நோட்டைக் கொண்டா. ஒரு வேலை பாக்கி இருக்கு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது நாளில் போய்விட்டார்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். கம்பி முறுக்கியதை வைத்து அவர் எடையைக் கண்டுபிடித்தேன். முதல் வாரம் 82. கடைசி சனிக்கிழமை, பூட்ஸோடு 61.

நோட்டில் இருபத்தொரு எண்பத்து நாலையும் பென்சிலால் அடித்திருக்கிறார். முதலாவதற்குப் பக்கத்தில் மட்டும் 82 என்று எழுதியிருக்கிறார். மற்ற இருபதுக்கும் இடம் விட்டிருக்கிறார்.