தேங்காய் பன்னைத் தள்ளி வைத்த நாள்

"உக்காந்து செய்யற வேலைல என்ன கண்ணு அலுப்பு?" என்று அம்மா கேட்டாள். நூல் மில்லில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். முடித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு மதுக்கரையில் பஸ் ஏறியவளும் நான்தான். தெருவே பார்க்கட்டும் என்று அட்டையைத் துப்பட்டாவுக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டுதான் நடப்பேன். அப்படி நடந்தவள் பிறகு எந்த முகத்தோடு சம்பளம் போதவில்லை என்று சொல்வது?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதத்தான் என்னை எடுத்தார்கள். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். "ரெண்டு நாளைக்குப் பாத்துக்குங்க அம்மணி" என்றார் முதலாளி. அந்த ரெண்டு நாள் இரண்டாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் எனக்கு மலையாளம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாலக்காடு பக்கத்து ஊர்தானே எங்களுடையது! கேரளத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் என் போன் அடித்தது. சம்பளம் மட்டும் கணக்கு எழுத வந்த அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அதட்டி வேலை வாங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எங்கள் ஆபீசில் யாரும் அதட்ட மாட்டார்கள். "ஏனுங்க அம்மணி, சிரமமில்லீன்னா இதையும் செஞ்சுபோடுங்க" என்பார்கள். சிரமம் என்று எப்படிச் சொல்வது?

சம்பளம் கேட்கப் போனால் இன்னும் மோசம். முதலாளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னும் டீயும் வரும். "சாப்புடுங்க முதல்ல. அம்மா சௌக்கியமுங்களா? மில்லுல நைட் ஷிப்ட்டுங்களா?" பன்னுக்குள் தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் நிறைய இருக்கும். ஒருவர் கொடுத்ததைத் தின்றுவிட்டு அந்த வாயாலேயே காசு கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. வாயைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று எழுந்து வந்துவிடுவேன். இப்படியே நாலைந்து பன் தின்றிருக்கிறேன். பக்கத்து மேசை அக்கா, "உனக்கு இன்க்ரிமென்ட் இடுப்புலதான் அம்மணி ஏறுது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பியது. அடுத்த முறை பன் வந்ததும் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தேன்.

"பேசிப்போட்டு அப்புறம் சாப்புடறனுங்க."

முதலாளி பதறிப்போனார். "ஏனுங்க அம்மணி, உடம்புக்கு ஆகலீங்களா?"

"உடம்பு நல்லா இருக்குதுங்க. மூணு பேரு வேலை பாக்கறனுங்க. சம்பளம் ஒருத்திக்குத்தான் வருதுங்க."

"உங்கள நம்மூட்டுப் புள்ள மாதிரியல்லங்க நெனச்சிருக்கறேன்!"

"நம்மூட்டுப் புள்ளைக்கு இவ்வளவுதான் குடுப்பீங்களாங்க?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தட்டைத் தொடவில்லை. கடைசியில், "தீவாளி போகட்டுமுங்க, பாக்கலாம்" என்றார். இதையேதான் போன தீபாவளிக்கு முன்பும் மற்றவர்களிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பன் அங்கேயே இருந்தது. வெறும் வயிற்றோடு வந்தாலும் மனசு லேசாக இருந்தது.

அந்த வாரமே துடியலூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். கணக்கு, சரக்கு அனுப்புவது, மலையாளம் மூன்றும் தெரியும் என்று சொல்லி, மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் குறைத்து ஒப்புக்கொண்டார்கள்.

ராஜினாமாவை வாங்கியபோது முதலாளி முகம் வாடினாலும், "நல்லா இருங்க கண்ணு" என்று மனதாரத்தான் சொன்னார். என் இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தார். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தபோது மூன்றாவதாக இன்னொரு ஆளையும் எடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள் என்று காதோடு சொல்லி வைத்தேன்.

"இருந்த வேலைய உட்டுப்போட்டியாமே?" என்று தெருவில் கேட்டார்கள். "மாத்திப்போட்டனுங்க" என்றேன்.

புது இடத்தில் வேலை எத்தனை மணிக்கு முடியும், அதற்கு மேல் இருந்தால் என்ன தருவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை சேர்ந்தாயிற்று.