மாப்பிள்ளைக்கு மயக்கம்

“உங்க இஷ்டமுங்க மாப்பிள்ளை” என்று மாமனார் சொன்னபோது, காற்று எங்கள் இருவரையும் மலை முதுகில் உட்கார வைத்திருந்தது. புனேவுக்கு மேற்கே ஒரு கோட்டை மலை, டிசம்பர் காலை. இரண்டு பக்கமும் சரிவு. நடுவில் ஒருவர் மட்டும் நடக்கிற அகலத்தில் பாதை, அதிலும் உருளும் பொடிக்கல். மேலே போகலாமா, திரும்பலாமா என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். அவர் முகம் வெளுத்திருந்தது. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி எத்தனையோ வருடமான பிறகும், நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்றால் “நீங்க போட்டதே போதுமுங்க” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நானும் லேசுப்பட்டவனில்லை, அவர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. அவர் புனேயில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்ததும், சும்மா ஒரு மரியாதைக்கு “மலைக்கு வர்றீங்களா மாமா?” என்றேன். அவரும் மரியாதைக்கு “போலாமுங்க” என்றார். “அப்பாவ ரொம்ப ஏத்தாதீங்க. வேண்டாம்னு அவர் வாயில வராது” என்று மனைவி வாசலிலேயே எச்சரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் வாயைத் திறக்காமலே கெட்டோம்.

எதிரே இறங்கி வந்த மராட்டிப் பையன்கள் “காகா, சாம்பாளூன்!” என்று பார்த்துப் போகச் சொல்லிக் கத்தினார்கள். மாமனார் அவர்களையும் கும்பிட்டார். காற்றின் அடுத்த வீச்சில் கையும் காலும் ஊன்றித் தவழ்கிற நிலைக்கு வந்துவிட்டார். போதும், இறங்குங்கள் என்று அதட்டியிருக்கலாம். மாமனாரை எப்படி அதட்டுவது? அவருக்குத் தலைகுனிவாக இருக்கக் கூடாதென்று, “மாமா, எனக்கு மயக்கமா வருது. இறங்கிடலாமா?” என்றேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. எங்கிருந்து தெம்பு வந்ததோ, மனிதர் எழுந்து நின்றார். தண்ணீர், சாப்பாடு எல்லாம் இருந்த என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார். “மெதுவா வாங்க மாப்பிள்ளை, நானிருக்கறனுங்க.” பையைத் திருப்பி வாங்கப் பார்த்தேன், தரவில்லை. மயக்கம் பொய் என்று சொல்லவும் மரியாதை விடவில்லை. எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்து, அடிவாரம் வரை என்னை மறைத்துக் கூட்டிவந்தார்.

காரில் ஏறியதும் அவருக்குச் சட்டை தொப்பலாக நனைகிற அளவுக்கு வியர்த்தது. ஔந்தில் எங்கள் வீட்டைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டேன். இதயத்தில் அடைப்பு. வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் இந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “மலை ஏற ஆரம்பிச்சப்பவேங்க” என்றார் மாமனார், டாக்டரைப் பார்த்தபடி. “மாப்பிள்ளை ஆசையாக் கூப்பிட்டாரு, எப்படிங்க வேண்டாங்கறது?” முதல் பாதியை மட்டும்தான் இந்தியில் சொன்னேன்.

பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் நோயாளி நான்தான். வெயிலில் போகாதீர்கள், வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டாதீர்கள் என்று தினமும் தன் மகளிடம் சொல்லி அனுப்புவார். உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன். தன்னால்தான் திரும்பினோம் என்று தெரிந்தால் கூசிப்போவார் என்று விழுங்கிவிடுவேன்.

போன வாரம் மறுபடி நெஞ்சுவலி. அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை டாக்டர் பெரிதாக நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்களைக் காற்று வளைத்துக்கொண்டிருந்தது. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலருகே போய் நின்றேன். கண்ணைத் திறந்தவர், வழக்கம்போல எழப் பார்த்தார்; முடியவில்லை. மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“நிக்காதீங்க மாப்பிள்ளை. உங்களுக்கு மயக்கம் வந்துருமுங்க.”

உட்கார்ந்துகொண்டேன்.