பிரஷ் துடைத்த சுவர்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். தொழில் வட்டாரத்தில் அவருக்கு டபுள் கோட் என்று பேர். "ஒரு கோட் போதுமே" என்று வீட்டுச் சொந்தக்காரர் யாராவது இழுத்தால் ஏணியை விட்டு இறங்கி நின்றுவிடுவார். "ஒரு கோட்டோட நிறுத்தினா அது பெயிண்டிங் இல்ல சார், பவுடர் பூசறது" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் சொந்த வீட்டுச் சுவரோ கண்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்காது.

காரணம் ஒரு கெட்ட பழக்கம்தான். வேலை முடிந்து வந்ததும் பிரஷில் ஒட்டியிருக்கிற மிச்சத்தை வாசல் சுவரில் நாலு இழுப்பு இழுத்துத் துடைப்பார். அப்புறம்தான் கழுவப் போடுவார். கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கதை. பல் டாக்டர் வீட்டுப் பச்சை, பள்ளிக்கூடத்து நீலம், எந்த வீட்டுக் குழந்தையின் அறையிலிருந்தோ வந்த ரோஸ் என்று ஊரிலுள்ள நிறமெல்லாம் அந்தச் சுவரில் வந்து ஈஷிக்கொண்டன.

"ஊர்ல இருக்கறதெல்லாம் உங்களுக்குச் சுவரு. இது மட்டும் கரித்துணியா?" என்று மனைவி கேட்பாள்.

"அடுத்த மாசம் ஒரே கலரா அடிச்சுடறேம்மா" என்பார். அந்த அடுத்த மாசத்துக்குக் காத்திருந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

இந்த லட்சணத்தில், ஊர் சுற்றிப் பார்க்க வந்து வழி தவறிய ஒரு புண்ணியவான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டான். அவ்வளவுதான். ஊருக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் என்று பரவிவிட்டது. ஊரிலுள்ள பழைய கோட்டையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, சுவரைப் பார்க்க வந்துவிடுகிறார்கள். ஒருத்தி சாய்வாள், ஒருத்தன் குதிப்பான். வெயில் சாய்கிற நேரத்தில்தான் நிறம் எடுப்பாக விழும் என்று குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் பாடமே நடத்துவார். குப்பைக் கூடையோடு வெளியே வந்த மனைவியிடம், "ஆன்ட்டி, ஒரு நிமிஷம் உள்ள போயிட்டு அப்புறமா வர்றீங்களா? ஃப்ரேம்ல விழறீங்க" என்றாள் ஒரு பெண். தன் வீட்டுக்குள்ளேயே தள்ளப்பட்டு, கதவுக்குப் பின்னால் கூடையோடு நின்றாள் அவள்.

போதாக்குறைக்கு இணையத்தில் வீட்டுக்கு நட்சத்திரம் வேறு கொடுத்திருந்தார்கள். "சுவர் அருமை. குக்கர் சத்தம் அதிகம். வீட்டுக்காரம்மா அடிக்கடி கதவைத் திறந்து தொந்தரவு செய்கிறார்" என்று எவனோ எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தான். டபுள் கோட் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால், மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வராங்க" என்றாள். "சுவத்துல வெள்ளையடிக்கிறவனையா கட்டிக்கப் போறேன்னு அன்னைக்கே கேட்டவங்க. இந்த வீட்டை அவங்க பார்த்ததே இல்ல. வந்ததும் இந்தக் கந்தலத்தான் பார்க்கணுமா? ஒரே ஒரு தடவை, எனக்காக."

டபுள் கோட்டுக்குச் சுருக்கென்றது. ஊராருக்கெல்லாம் ஓடி ஓடி அடித்தவர், இவளுக்கு ஒரு சுவர் அடித்துக் கொடுக்கவில்லை. நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லேசான சந்தன நிறத்தை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் முதலில் அதையும் ஒரு வேடிக்கை என்று படம் எடுத்தார்கள். பாதிச் சுவர் மறைந்ததும் ஐயோ குய்யோ என்று கத்தினார்கள். டபுள் கோட் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் கோட் முடிகிற நேரம், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ்! நிறுத்துய்யா! எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம்! எந்த முட்டாள் உன்னை இதுக்கு அடிக்கச் சொன்னான்?"

டபுள் கோட் ஏணியிலிருந்து திரும்பினார். கூலிங் கிளாஸும் தொப்பியுமாக நின்றது மனைவியின் அக்கா. பக்கத்தில் கேமரா முக்காலியைச் சுமந்துகொண்டு சகலை. தங்கை வீட்டுக்குப் போகுமுன் பேர்பெற்ற சுவரை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"வாங்க அண்ணி" என்றார் டபுள் கோட், பிரஷோடு கும்பிட்டு. "இதுதான் நம்ம வீடு."

அக்காவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஆனால் சுதாரித்துக்கொள்வதில் கெட்டிக்காரி. கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இது என் தங்கச்சி வீடுங்க! என் கூடப் பிறந்தவ!" என்று அறிவித்தாள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. முதல் கோட்டுக்கு அடியிலிருந்து பழைய நிறங்கள் மங்கலாகத் தெரிந்தன. அது முன்னைவிட அழகு என்றார் குடைக்காரர். இப்படியே விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சினார்கள்.

வாசலுக்கு வந்த மனைவியின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இவ்வளவு பேர்வாங்கின வீட்டுல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? தம்பிகிட்ட சொல்லு, இதோட நிறுத்தட்டும். எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

அக்கா வாயிலிருந்து பெருமை என்ற சொல் வருவதற்கு மனைவி எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது கடைசியில் கரித்துணிக்கு வந்து சேர்ந்தது. டபுள் கோட் ஏணியிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாலும் சரி என்று இருந்தார். ரெண்டாவது கோட் வேண்டாம் என்றால், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கோட்டோடு நிறுத்தவும் தயார்.

"அக்கா, நீ சுவத்தைப் பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?"

"ரெண்டுந்தான்டி" என்றாள் அக்கா, தடுமாறி.

"அப்போ உள்ள வா. சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள இது காஞ்சிடும்." கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது கோட் கொஞ்சம் கெட்டியாவே போடுங்க."

சாயங்காலத்துக்குள் சுவர் ஒரே நிறமாகிவிட்டது. சகலை முக்காலியை விரித்து, அக்காவையும் தங்கையையும் அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்.

மறுநாள் டபுள் கோட் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு கூட்டம் காத்திருந்தது. ஓவியர் சாயங்காலம் வந்து மறுபடி ஆரம்பிப்பார் என்று குடைக்காரர் ஆசை காட்டியிருக்கிறார். டபுள் கோட் கையிலிருந்த பிரஷில் செங்கல் நிறம் சொட்டிக்கொண்டிருந்தது. கை பழக்கதோஷத்தில் சுவரை நோக்கி எழும்பியது. போன்களெல்லாம் உயர்ந்தன. வாசல்படியில் நின்ற மனைவி அந்தப் பிரஷையே பார்த்தாள்.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி, அவர் போட்டிருந்த பேண்ட்டில் நாலு இழுப்பு இழுத்தது.

கூட்டம் கைதட்டியது. "சார், அந்தக் காலைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க" என்றான் ஒருவன்.

"அந்தப் பேண்ட்டை யார் துவைக்கப் போறான்னு நினைச்சீங்க?" என்றாள் மனைவி. சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த நாள் இணையத்தில் வீட்டுக்குப் புது நட்சத்திரம் விழுந்திருந்தது. "சுவர் சுமார். பேண்ட் அருமை. வீட்டுக்காரம்மா நன்றாகச் சிரிக்கிறார்."