கட்டைவிரலுக்கு அடியில்

செய்யூர் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மா, வார இதழில் வந்த என் கதையைப் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூலால் காதில் மாட்டியிருந்தது. கதாநாயகி மனதுக்குள் பேசுவது சாய்ந்த எழுத்தில் இருக்கும். அது வந்தால் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். கதையில் முக்கால்வாசி அதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

எழுதியவன் நான் என்று சொல்லாமல், "ஏம்மா, அதைப் படிக்கலையா?" என்றேன்.

"பெத்த பொண்ணாண்டயே அவ சொல்லல. எனக்கு இன்னாத்துக்கு அது?"

"கதைதானேம்மா?"

"கதைன்னா? அவளும் பொம்பளதான?"

நெம்மேலியில் இறங்கியவர், கடல் பக்கம் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

எதை நினைத்துச் சிரித்தார் என்று வீட்டுக்கு வந்து ஒரு பத்தி எழுதினேன். அதை இங்கே சேர்க்கவில்லை.