மூடுபனியின் மகளும் கழிவுத் தொட்டி லாரியும்

"கடலோரப் பாறையில் தனித்து அமர்ந்து காற்றிடமே பாட்டுக் கற்றவர். ஆயிரம் ஆண்டுக் கண்ணீரைத் தொண்டையில் சுமப்பவர். கெல்டிய ஆன்மாவின் கடைசி மூடுபனி மகள்."

அயர்லாந்தின் கால்வே நகரில் நடந்த கெல்டிய ஆன்மா விழாவின் பளபளப்பான மலரில், பதினோராம் பக்கத்தில், டீலியா கென்னவனைப் பற்றி இப்படி அச்சாகியிருந்தது.

டீலியாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கொனமாராவின் தென்கரையில் வீடு வீடாகப் போய்க் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சியெடுக்கும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கரைப் பாறைகளில் உட்கார்ந்தால் பின்பக்கம் நனையும் என்பது அங்கே பிறந்த யாருக்கும் தெரியும். ஆகவே யாரும் உட்காருவதில்லை. பாட்டையும் அவள் காற்றிடம் கற்கவில்லை. பாதியை வானொலியிடமிருந்து கற்றாள், மீதியை நான்கு அக்காள் தங்கைகளிடமிருந்து திருடினாள். கண்ணீரைப் பொறுத்தவரை, அவள் கடைசியாக அழுதது லாரியின் கிளட்ச் போன அன்று. அதுவும் ஆத்திரத்தில்.

ஆனால் பாடினாள் என்றால் பாடினாள். மறுத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பலர் இருந்தும் யாராலும் முடியவில்லை.

அந்தக் கரையில் பாடுவது ஒரு காட்சியே இல்லை. பாடுபவர் கண்ணை மூடிக்கொள்வார், முடிந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்து, கிணற்று ராட்டினம் போல மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பார். வாத்தியம் கிடையாது. சொல்லெல்லாம் டப்ளின்காரர்களுக்கே புரியாத ஐரிஷ் மொழி. கடைசி வரியைப் பாடக்கூட மாட்டார்கள். சும்மா பேச்சாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மீன் பேச்சைத் தொடர்வார்கள். யாழ் என்பது அவர்கள் நாணயத்தின் பின்பக்கத்தில் மட்டுமே பார்த்த பொருள்.

விழா இயக்குநர் ஃபின்டன் டப்ளினிலிருந்து வந்தவர். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. டீலியா ஒரு வீட்டுக் கொல்லையில் குழாயை இறக்கிவிட்டு நின்றபோது தேடிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பாட்டு வேணுங்க. கடல்ல முங்கிப்போனவர் பாட்டு. போன வருஷப் போட்டியில நீங்க பாடினதைக் கேட்டேன். திரும்பற வழியில காரை ஓரங்கட்டி அழுதேன்."

"வார்த்தை புரிஞ்சுதா தம்பி?"

"வார்த்தையெல்லாம் எதுக்குங்க? நேரா உள்ள போயிடுதே."

"அப்படியா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தொட்டி மூடி மேல நிக்கறீங்க."

ஃபின்டன் நகர்ந்தார். ஜெர்மன் தொலைக்காட்சி படமெடுக்கிறது, பன்னிரண்டு நாடுகளில் ஓடும் என்றார். டீலியா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேசியப் போட்டியில் அவளுக்கு மூன்று முறை இரண்டாம் பரிசு. ஒரே முறை போட்டியிட்ட அக்காள் அட்ராக்டாவுக்கு முதல் பரிசு, அதற்குப் பிறகு பாஸ்டன் நகரம். பன்னிரண்டு நாடு என்ற சொல் டீலியாவுக்கும் நேராகத்தான் உள்ளே போனது.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பாட்டு ஃபெஸ்டியைப் பற்றியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நண்டுக்கூடை எடுக்கப் போனவன். ஒன்பதாம் நாள் உடலாகத்தான் கரைக்கு வந்தான். அவன் மனைவி நாப்லா, டீலியாவின் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தாள். முங்கிப்போனவன் பாட்டை அவன் வீட்டார் காதுபட யாரும் பாடுவதில்லை. எங்கும் எழுதி வைக்காத விதி, அதனாலேயே யாரும் மீறாதது. நாப்லா மதுக்கடைக்குள் நுழைந்தால், பாடுபவன் நடுவரியில் திரும்பி ஏதாவது குதிரைப் பாட்டுக்குப் போய்விடுவான். தனக்காகத் திரும்பினார்கள் என்பது நாப்லாவுக்கும் தெரியும். தெரியாதது போல ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு உட்காருவாள்.

டீலியா கணக்குப் போட்டாள். கால்வே நாற்பது மைல். நாப்லா அங்கே போவது கண் டாக்டரிடம் மட்டும். சரி என்றாள்.

ஃபின்டனுக்கு அந்த விதி தெரியாது. ஆனால் விதவை உயிரோடிருக்கிறாள் என்பது எப்படியோ தெரிந்துபோனது. இத்தனை நல்ல எண்ணம் உள்ளவர் அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? காரை அனுப்பி, "உங்க ஊர்ப் பாட்டுங்க, நீங்கதான் சிறப்பு விருந்தினர்" என்று சொல்லி, நாப்லாவை முதல் வரிசையின் நடுவில் உட்காரவைத்துவிட்டார். எந்தப் பாட்டு என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் வருவதை டீலியாவிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை மூன்று மணி. டீலியாவின் தோளில் சாம்பல்நிறச் சால்வையைப் போர்த்தி முடித்திருந்தார்கள். மேடையில் புகை இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது. திரையோரமாக எட்டிப் பார்த்தாள். நீலக் கோட்டு, மடியில் கைப்பை, நாப்லா.

"அவங்கள யாரு கூப்பிட்டது?"

"நான்தான்!" ஃபின்டன் பூரித்தார். "சொல்லாம வச்சிருந்தேன். பாட்டு நடக்கறப்போ ஒரு கேமரா அவங்க முகத்துலயே இருக்கும். நெனச்சுப் பாருங்க!"

டீலியா நினைத்துப் பார்த்தாள்.

"வேற பாட்டு பாடறேன்."

"ஐயோ, அதெப்படிங்க? யாழும் குழலும் ரெண்டு வாரமா இந்த மெட்டைத்தான் பழகியிருக்காங்க. இது இல்லேன்னா டிவிக்காரங்க இப்பவே பெட்டியைக் கட்டிருவாங்க."

கண்ணை மூடிக்கொண்டு பாடுவதுதானே வழக்கம், மூடிவிட்டால் யார் தெரியப் போகிறார்கள் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று பின்னால் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

யாழ் தொடங்கியது. முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் குழல் சேர்ந்துகொண்டது. மெட்டைக் கேட்டதும் நாப்லாவின் விரல்கள் கைப்பையின் வாரில் இறுகின. டீலியா கண்ணை மூடவே இல்லை, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

அந்தக் கரையில் ஒரு மெட்டுக்கு ஒரு பாட்டு என்ற கஞ்சத்தனமான ஏற்பாடு கிடையாது. அளவு பொருந்தினால் எந்தச் சொல்லும் எந்த மெட்டிலும் ஏறும். மார்க்கஸ் என்பவன் தபாலில் ஒரு சைக்கிளை வரவழைத்து, ஓட்டத் தெரியாமல், மனைவி ஒருபக்கமும் மாமியார் மறுபக்கமும் பிடித்துக்கொள்ளத் தேவாலயத்துக்குப் போன கதை பத்தொன்பது அடியில் ஒரு பாட்டாக இருந்தது. ஃபெஸ்டியின் மெட்டில், ஃபெஸ்டியின் நிதானத்தில், டீலியா அந்தச் சைக்கிளை மேடையேற்றினாள்.

முதலடியிலேயே அரங்கம் உருகியது. சங்கிலியில் மாமியாரின் பாவாடை சிக்கிய இடத்தில் மூன்றாம் வரிசைப் பிரெஞ்சு தம்பதி கைகோத்துக்கொண்டார்கள். சேற்றுக்குழியில் மூவரும் விழுந்தபோது விம்மல்கள் கேட்டன. சைக்கிளின் இருக்கைப் பையில் கோழி அடைக்கு உட்கார்ந்த இடத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்த தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீலியாவைத் தவிர மேடையில் அந்த மொழி தெரிந்தவர் குழல்காரர் மட்டும். எட்டாம் அடியில் அவர் முழங்கை நழுவிக் குழல் ஒரு முறை பிளிறிவிட்டது. மறுநாள் பத்திரிகை அதை "தொன்மத்தின் உடைந்த விம்மல்" என்று எழுதியது.

நாப்லா முதலில் உறைந்திருந்தாள். பிறகு வார் தளர்ந்தது. பிறகு தோள் குலுங்கியது. பத்தாம் அடியில், மதுக்கடையில் கத்துவது போலவே, "அப்படிப் போடுடி என் தங்கம்!" என்று உரக்கக் கத்திவிட்டுச் சிரித்தாள். உடனே நான்கு பக்கமிருந்தும் உஸ் என்றார்கள். அரங்கப் பணிப்பெண் ஒருத்தி குனிந்து, "அம்மா, தயவுசெஞ்சு. இது சோகப் பாட்டு" என்றாள்.

"அப்படியாம்மா? மன்னிச்சுக்க" என்றாள் நாப்லா, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு. அந்த முகத்தைத்தான் கேமரா கிட்டப்போய் எடுத்தது.

மார்க்கஸ் கடைசியில் சைக்கிளை விற்கப் பார்க்கிறான். டீலியா அந்த வரியைப் பாடாமல் பேச்சாகவே சொன்னாள்: "மணி மட்டும் நல்லா அடிக்குது, யாருக்காவது வேணுமா?" அரங்கம் எழுந்து நின்றது.

திரும்பும்போது நாப்லா லாரியில் ஏறிக்கொண்டாள். விழாக் கார் வாசனையாக இருக்கிறதாம், தலைவலிக்கிறதாம். கால்வேயைத் தாண்டும்வரை இருவரும் வினிகர் தெளித்து உருளை வறுவல் தின்றார்கள்.

"ஃபெஸ்டி பாட்டுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டாங்க?"

"ஆமாக்கா."

"நான் வரமாட்டேன்னு நெனச்சு ஒத்துக்கிட்ட."

"ஆமா."

"நீ ஒரு பன்னிடி, டீலியா."

"தெரியும்."

"வினிகரை இங்க தள்ளு."

மூன்று வாரம் கழித்து, ஜெர்மனியில் வசன எழுத்து போட உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் அடியில் நிறுத்தி ஒரு போன் போட்டார். அதோடு படத்திலிருந்து டீலியா போனாள். பன்னிரண்டு நாடுகளிலும் யாழ் வாசித்த பெண்ணும், புகையும், விசும்புகிறாள் என்று எல்லாரும் நம்பிய நாப்லாவின் முகமும் ஓடின. ஃபின்டன் வருத்தமாக ஒரு கடிதம் எழுதினார். கலைக்குத் துரோகம் என்ற சொல் அதில் இரண்டு முறை வந்தது. அட்ராக்டா பாஸ்டனிலிருந்து கூப்பிட்டு, டிவியில் தேடித் தேடிப் பார்த்தேன், உன்னைக் காணோமே என்றாள். "எடுக்கலை" என்று மட்டும் டீலியா சொன்னாள். பிறகு அரைமணி நேரம் அட்ராக்டாவின் புதுச் சமையலறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாப்லா முன்னால் உட்கார்ந்திருந்தாள், டீலியா ஃபெஸ்டியின் பாட்டைப் பாடவில்லை.